மேனேஜரின் படத்தோடு மதுரைக்கு

மதுரைக்குச் சாமி கும்பிடப் போவார்கள், சுங்குடிச் சேலை வாங்கப் போவார்கள். நான் போனது எங்கள் அப்பாவின் படத்தை ஒரு சுவரில் மாட்ட. அப்பா போன ஆடியில் காலமானார். காரியத்துக்கு வந்த அவருடைய பழைய ரயில்வே ஆபீஸ் நண்பர் ஒருவர், "மதுரையில மேனேஜரா இருந்து ஒரு புட்பால் கிளப்பை வளத்து ஆளாக்கினதே உங்க அப்பாதான். அங்க அவர் படம் இருக்க வேண்டாமா?" என்று கேட்டார். எனக்கு அது புதிய செய்தி. அப்பா மதுரையில் வேலை பார்த்த காலம் முழுவதும் நாங்கள் திருச்சியில் தாத்தா வீட்டில் இருந்தோம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவார், தூங்குவார், போய்விடுவார். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக வந்த பிறகும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். புட்பால் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். திருச்சியிலிருந்து மதுரை தொண்ணூற்றாறு மைல். காலை ஏழு மணி பாசஞ்சரில் ஏறினால் பகல் பன்னிரண்டரைக்கு இறக்கிவிடும். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றே முக்கால் ரூபாய். யுத்தம் முடிந்தும் ரயிலில் கூட்டம் குறையவில்லை. ஆகவே, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு யாரும் இந்த வண்டியில் ஏறாதீர்கள். நான் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சமயநல்லூர் தாண்டியதும் எல்லோரும் மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரையும் அழைத்துப்போக ஸ்டேஷனில் யாரோ வந்திருந்தார்கள்.

ஸ்டேஷனுக்கு எதிரே சத்திரம் இருக்கிறது. சுத்தம் சுமார், கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும். நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்த பிறகு ஒரு ஜட்கா பிடித்து, "ஆத்துல பந்து விளையாடுவாங்களாமே, அங்க போகணும்" என்றேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு மேட்ச் இல்லண்ணே, வெறும் பழக்கந்தான். இப்ப என்னத்த ஆடுறாய்ங்க? மேனேஜர் இருந்தப்ப வந்து பாத்திருக்கணும்."

"அவ்வளவு கெட்டிக்காரரா?"

"கெட்டிக்காரரா? கைக்கு வந்த கப்பைத் தட்டிவிட்ட மனுசன். அந்த ஆளு பேச்சையே எடுக்காதீக!"

பேச்சை எடுத்தது நானல்ல என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் குதிரையை அதட்டப் போய்விட்டார்.

வைகை அப்போது வெறும் மணல். கல்பாலத்துக்குக் கிழக்கே இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுப் பத்துப் பதினைந்து பேர் வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கரைமேல் ஒரு கீற்றுக்கொட்டகை, அதில் டீக்கடை. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள். பார்க்கிறார்கள் என்று சொல்வதைவிடச் சண்டை போடுகிறார்கள் என்று சொல்லலாம். எனக்குப் பக்கத்தில் சோனைமுத்து என்ற மில் தொழிலாளி. அவருக்கு எதிரே செய்யது என்ற வெற்றிலைக்கடைக்காரர். வண்டிக்காரரைப் போல இவர்களும் மேனேஜர் பேச்சுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

வழக்கு இதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் கிளப் முதன்முதலாகப் பைனலுக்கு வந்தது. ஆட்ட நாளைக் குறித்தவர் மேனேஜரே. கிளப்பின் சென்டர் பார்வர்டு இஸ்மாயில் ரம்ஜான் நோன்பு வைக்கிறவர். பெருநாளன்று நோன்பு இருக்காது என்று கணக்குப் பண்ணித்தான் அந்த நாளைப் பிடித்தார். ஆனால் கார்த்திகை மாதத்து மேகம் மேற்கே நாகமலைப் பக்கம் இறங்கி நின்றது. எதிர்பார்த்த சாயங்காலம் பிறை தெரியவில்லை. நோன்பு ஒரு நாள் நீண்டது, பெருநாளும் தள்ளிப்போனது. முந்தின நாள்வரை இஸ்மாயில் ஆடுவார் என்ற மேனேஜர், மறுநாள் மத்தியானம் நோன்போடு வந்து நின்ற இஸ்மாயிலைப் பார்த்து, "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டார். கிளப் ஒரு கோலில் தோற்றது.

"ஒரு வார்த்தை கேட்டாரா? 'உன்னால முடியுமாடா'ன்னு கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்றார் சோனைமுத்து. "நோன்பு வச்சுக்கிட்டே அரையிறுதியில ரெண்டு கோல் போட்டவன் அவன். நோன்பாளியை நோஞ்சான்னு நெனச்சுட்டாரு."

"மாப்ள, நோன்பைப் பத்தி நீ எனக்குச் சொல்லாத," என்றார் செய்யது. "முப்பதாவது நோன்பு, கடேசி நாளு. பய வெயில்ல சுருண்டு விழுந்திருந்தா ஊரே மேனேஜரைத் தின்னுருக்கும். ஆட்டத்துக்கு முந்தி ஒவ்வொருத்தன் காலையும் மடியில வச்சு, ஊக்கால நெருஞ்சிமுள்ள எடுத்துவிடுவாரே, அம்புட்டுப் பாசமா இருந்த மனுசன் பிள்ளைய வதைப்பாரா?"

என் காலை அவர் ஒருநாளும் மடியில் வைத்ததில்லை. செருப்பில்லாமல் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் எத்தனை முள் குத்தியிருக்கும்? பொறாமை என்றால் அப்பட்டமான பொறாமை. முப்பத்தாறு வயதில், கலியாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, யாரோ ஒரு லெப்ட் அவுட் ஆட்டக்காரனின் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

"அந்தத் துணிக்குள்ள என்னண்ணே?" என்று செய்யது கேட்டபோது, மறைக்க முடியாமல் அவிழ்த்து, எங்கள் அப்பா என்றேன். சோனைமுத்து எழுந்து தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வருத்தப்படாதீகண்ணே, வாயில வந்ததைப் பேசிப்புட்டேன்" என்றார். அவர் கண் நனைந்திருந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். கிளப் அறை பின்னாலேயே இருந்தது. ஓட்டுக் கொட்டகை, சுவரில் இடமும் இருந்தது. ஆனால் இரண்டு கட்சியும் ஒன்றாகச் சொன்னது ஒரே பதில்: "இஸ்மாயில் பாய் சொல்லாம ஆணி அடிக்க முடியாதுண்ணே."

சத்திரத்துக்குத் திரும்பி, படத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்துச் சாப்பிட்டேன். அப்பாவும் நானும் தனியாக ஓர் அறையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை இஸ்மாயில் இருக்கும் முனிச்சாலைக்கு நடந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல் இருக்கும். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. இஸ்மாயில் தகரப் பெட்டி செய்கிற கடை வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும், உயரமான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் சுத்தியல் நின்றது. எப்போது, என்ன காய்ச்சல், கஷ்டப்பட்டாரா என்று வரிசையாக விசாரித்தார். பிறகு கேட்டார்:

"அன்னைக்கு என் உடம்புல எம்புட்டுத் தெம்பு இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். எம்மேல எரக்கப்பட்டு உக்கார வச்சாரா, இல்ல, நம்பாம உக்கார வச்சாரா? பத்து வருசமா அதத்தான் யோசிக்கிறேன். மறு மாசமே மாத்தலாகிப் போயிட்டாரு. வீட்டுல ஏதாச்சும் சொல்லியிருப்பாருல்ல? என்ன சொன்னாரு தம்பி?"

'உங்களை நினைத்து வருந்தினார்' என்று ஒரு வரி போதும், படம் சுவருக்குப் போய்விடும். அந்த வரி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பத்து வருஷம் காத்திருந்த கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"எங்ககிட்ட அவர் எதுவுமே பேசினதில்லைங்க. உங்க பேரையே நேத்துதான் கேட்டேன்."

"பெத்த பிள்ளைகிட்டயுமா?"

தலையாட்டினேன். அவர் படத்தை வாங்கி, கைலி நுனியால் கண்ணாடியைத் துடைத்து, வெகுநேரம் பார்த்தார். கோபத்தோடு பேசுவார் என்று பயந்தேன். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"இங்க படம் வேணாம் தம்பி. தெனமும் இருவது பேரு ஆத்தங்கரையில உக்காந்து அவரைத் திட்டுறாய்ங்க, கொண்டாடுறாய்ங்க. எங்க யாருக்கும் மொகம் மறக்கலை. நீங்க கொண்டுக்கிட்டுப் போங்க. உங்க வீட்டுலதான் அவரு இல்லாம இருக்காரு."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். பகல் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. படம் இப்போது எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருக்கிறது. இது யார் என்று என் மகன் கேட்டால், தாத்தா என்பதற்குமேல் சொல்ல இரண்டு சேதிதான் என் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முள் எடுத்துவிட்டது, இஸ்மாயிலை உட்காரவைத்தது; இரண்டும் ஆற்றங்கரையில் கேட்டவை.

மதுரைக்குப் போகிறவர்களுக்கு: ஆவணி, புரட்டாசியில் போங்கள், மழை பிடித்துவிட்டால் ஆற்றில் ஆட்டம் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து கல்பாலத்துக்கு ஜட்கா நான்கணா, ஆறணா கேட்டால் பேரம் பேசுங்கள். ஐந்து மணிக்குமுன் கொட்டகையில் இடம் பிடியுங்கள். பழைய மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று யாரையாவது கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். திட்டினாலும் சரி, புகழ்ந்தாலும் சரி, ஒரு சொல் விடாமல் கேளுங்கள். திரும்பும் வழியில் திருச்சியில் இறங்க முடிந்தால், எனக்கு வந்து சொல்லுங்கள்.