குட்டைக்கரைக் கற்கள்

சந்திரகலா கல்லைத் தன் பக்கமாகச் சாய்த்துத்தான் தூக்குவார். அடியில் பாம்பு கிடந்தால் அது எதிர்ப்பக்கம் ஓட வழி வேண்டும். இடது கையால் கல்லைத் தாங்கியபடி வலது கையிலிருக்கும் போனைத் தரையோடு தரையாக இறக்கி, மூச்சை அடக்கிப் படம் எடுப்பார். உள்ளே ஒண்டியிருந்த தவளையைக் குச்சியால் மெல்ல ஓரத்துக்கு ஒதுக்குவார். பிறகு கல் பதிந்திருந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்து, அதே வாட்டத்தில் இறக்கி வைப்பார். ஆடினால் மறுபடியும் தூக்கிப் பொருத்துவார். தவளை தானாக உள்ளே நுழைந்துகொள்ளும். “நம்ம ஊட்டுக் கூரைய எவனா தூக்கிப் பாத்துட்டு கோணலா வெச்சுட்டுப் போனா சும்மா இருப்போமா?” என்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், சுவிட்ச் பெட்டி செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து மீஞ்சூருக்கு ரயிலேறுவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரம் அவருக்குச் சொந்தம். கம்பெனி மதிலுக்குப் பின்னால் ஒரு குட்டை. சுற்றிலும் ஆலைக் கரி படிந்த எருக்கஞ்செடிகள், உடைந்த கருங்கற்கள், பிளாஸ்டிக் குப்பை. பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடம்தான். சாப்பாட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய சிறு லென்ஸை எடுத்துப் போனில் கவ்வ விட்டதும், சந்திரகலாவுக்கு ஆலைச் சத்தம் காதில் விழாது. குழியானை, கும்பிடுபூச்சி, மழைக்கு மறுநாள் மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சி, எல்லாம் அங்கே உண்டு. படங்களை ஒரு செயலியில் ஏற்றுவார். எங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்கள் பெயர் சொல்வார்கள். நல்ல படம் அமைந்த நாளில், “இன்னிக்கு ஒண்ணு மூஞ்சி குட்த்துச்சு” என்று மட்டும் வீட்டில் சொல்வார்.

கணவர் கலியன் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவர். மனைவியின் இந்தப் பித்து அவருக்குப் புரிந்ததே இல்லை. “மீனா இருந்தா கொயம்பு வெக்கலாம். தவக்களைய படம் புட்ச்சுக்கினு வந்து இன்னாமே பண்ணப்போற?” என்று சீண்டுவார். ஆனால் ஏரியில் புதிதாக ஏதாவது பூச்சி படகில் வந்து உட்கார்ந்தால் டப்பாவில் மூடி எடுத்து வருவதும் அவர்தான்.

சந்திரகலா தன் படங்களில் இடத்தைக் காட்டமாட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லும்போதே அவருக்கு மனம் கசக்கும். போன வருஷம், கோடை மழையில் பலூன் தவளை ஒன்று வெளியே வந்திருந்தது. காற்றடைத்த பந்துபோல உருண்டைத் தவளை. மகிழ்ச்சியில், இடத்தை மறைக்கத் தோன்றாமல் படத்தை ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கார்களில் ஆட்கள் வந்தார்கள். கரையிலிருந்த கற்களையெல்லாம் புரட்டினார்கள். ஒன்றைக்கூடத் திருப்பி வைக்கவில்லை. மறுநாள் சந்திரகலா போய்ப் பார்த்தபோது, நிழல் போன குழிகளில் சின்னத் தவளைகள் கருவாடாகக் காய்ந்து கிடந்தன. “எவனும் கொல்லணும்னு வர்ல. நாந்தான் வய்யி காட்டி இட்டாந்தேன்” என்று கலியனிடம் சொல்லி அழுதார். அன்றிலிருந்து, அந்தப் பலூன் தவளை உட்பட, அவருடைய படங்கள் எல்லாவற்றுக்கும் இடம் மறைவுதான். மறைத்த படத்தைச் செயலி வரைபடத்தில் வேறெங்கோ தள்ளிக் காட்டும்.

இந்த ஆண்டு குட்டையை மண்ணடித்து மூடி லாரி நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. செவ்வாப்பேட்டையில் வாத்தியாராக இருக்கும் தாவீது, அதே செயலியில் தவளைப் படம் ஏற்றுகிற கூட்டத்தில் ஒருவர், போன் செய்தார்.

“அக்கா, குட்டைய மூடப்போறவங்க குட்த்த ஆய்வு அறிக்கைய படிச்சேன். குட்டைல சொல்லிக்கிற மாரி உயிரே இல்லன்னு எய்திக்கிறாங்க.”

“பொய்யிப்பா அது!”

“பொய்யின்னு எப்டிக்கா காட்றது? மேப்புல அந்த எடம் காலியா கீது. நீங்க மறைச்சதால உங்க தவக்களைங்க எல்லாம் எங்கியோ தள்ளி, பழவேற்காடு ஏரித் தண்ணில நிக்குது.”

போனை வைத்த சந்திரகலா இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தார். இடத்தைத் திறந்தால், தாவீது ஆட்சேப மனு கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைத் திரட்டி வந்து இன்னும் படங்கள் சேர்ப்பார். அதே கார்கள், அதே கைகள். திறக்காவிட்டால் மண் லாரி.

ராச்சாப்பாட்டின்போது கலியனிடம் சொன்னார். உப்புத் தண்ணீரில் தவளையா என்று முதலில் சிரித்தார் கலியன். பிறகு தட்டில் கை அளைந்தபடி, “மீனு எங்க மாட்டுச்சுன்னு நாங்க எவங்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஆனா ஏரியே இல்லன்னு ஒருத்தன் எய்திட்டான்னு வெய்யி, அப்பால வாயத் தொறக்காம இருந்து இன்னா பிரயோஜனம்?” என்றார்.

சந்திரகலா கை கழுவிவிட்டு வந்து, ஒவ்வொரு படமாக இடத்தைத் திறந்தார். பலூன் தவளையின் படத்தில் மட்டும் விரல் வெகுநேரம் நின்றது. அதையும் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே குட்டைக்கரையில் போய் நின்றுகொண்டார். வேன்கள் வந்தன. தாவீது எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, கல்லைத் தூக்கினால் திருப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். தொப்பி போட்ட ஒருவர் முதல் கல்லைப் புரட்டி, “ஆ, இங்க பாருங்க!” என்று கூவிப் படம் எடுத்து, அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிட்டார். கல் மல்லாந்து கிடந்தது.

சந்திரகலா அந்தக் கல்லருகே போனார். முட்டிவலியோடு மெதுவாக மண்டியிட்டார். ஈரத் தடத்தை விரலால் தடவி, கல்லைத் திருப்பி அதில் இறக்கினார். ஆடியது. தூக்கிப் பொருத்தினார். ஓரத்தில் விழித்துக்கொண்டிருந்த தவளை உள்ளே போயிற்று. தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்து நின்றார். கல் இப்போது ஆடவில்லை. ஆனாலும் சந்திரகலா அதன்மேல் வைத்த கையை எடுக்காமல், அடுத்து யார் குனிகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.