பெயர் சொல்லாத வழிகாட்டி

புருல்சாவின் வாய் ஓயாது. கிர்கிஸ் நாட்டில் நரின் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் பிறந்தவள். லாரி ஓட்டும் அப்பாவுக்கு அருகே உட்கார்ந்து, கணவாய் கணவாயாகப் பேசிக்கொண்டே வளர்ந்தவள். லாரி மூச்சு வாங்க நின்றாலும் அவள் பேச்சு நிற்காது. அப்படிப்பட்டவள் ஆட்டுமந்தைக்காரர் வீட்டுக்கு மருமகளாய் வந்ததுதான் வேடிக்கை. ஏனென்றால் அந்த வீட்டில், அந்த வீட்டில் என்ன, அந்த மலைப்பக்கத்து எல்லா வீட்டிலும்தான், மருமகள் வாயில் வரக் கூடாதவை சில உண்டு. மாமனார் பெயர் வரக் கூடாது. அவருடைய அப்பா பெயர், அவருக்கும் மேலே உள்ளவர்கள் பெயர், கணவனின் அண்ணன்மார் பெயர் எதுவும் கூடாது. கட்டியவன் பெயரைக்கூட முடிந்தவரை விழுங்கிவிட வேண்டும்.

இதற்காக அவள் மூக்கைச் சிந்தவில்லை. மருமகள்கள் என்ன ஊமைகளா? பெயர் இல்லாவிட்டால் பட்டம் இருக்கிறது. கணவனின் பெரிய அண்ணன் "சீட்டியடிக்கிறவர்". அடுத்த கூடாரத்துச் சித்தப்பா "பூட்ஸைக் கழற்றாதவர்". பெண்கள் மாவு பிசையும்போதும் கம்பளி அடிக்கும்போதும் இந்தப் பட்டங்களை வைத்துத்தான் ஊர் நியாயம் முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

குளிர்காலத்தில் கீழே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாள் புருல்சா. கோடை வந்தால் குடும்பத்தோடும் ஆடுகளோடும் மேய்ச்சல் மேட்டுக்கு ஏறிவிடுவாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு பயண நிறுவனம் வெளிநாட்டுக்காரர்களை மேலே அழைத்து வரத் தொடங்கியபோது அவளையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். உலகத்தில் யாரும் அதிகம் போகாத நாடு என்று சொன்னாலே போதும், சில பேர் பெட்டியைக் கட்டிவிடுகிறார்களாம். வந்தவர்களுக்குக் கூடார நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்று சொல்வாள். குதிரைப்பால் எப்படிப் புளிக்கிறது என்று காட்டுவாள். பாறையில் ஆதிகாலத்து மனிதன் கீறிய மலையாட்டைக் காட்டி, அதன் கொம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். அவளுக்கு அது வேலையே இல்லை, மூச்சு.

ஆனால் சமையல் அவளுக்குச் சுத்தமாக வராது. அவள் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவு உருண்டையைக் குதிரைகூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் கோடையில் நான்கு விருந்தாளிகளோடு எர்மெக் வந்து இறங்கினான். நிறுவனத்து ஆள் அவன். மழமழ என்று சட்டை, கையில் இரண்டு போன். வந்த கையோடு புருல்சாவை ஓரமாய்க் கூப்பிட்டான்.

"தங்கச்சி, போன வருஷம் வந்தவங்க என்ன குறை சொன்னாங்க தெரியுமா? மூணு நாள் ஒரு வீட்டுல சாப்பிட்டோம், அந்த வீட்டுப் பெரியவர் பேரு கடைசி வரைக்கும் தெரியலைன்னு."

"அவரையே கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே அண்ணே."

"நீ எதுக்கு இருக்கே? இவர் இன்னார், இவங்க இன்னார்னு நீதானே வாயால சொல்லணும்? பேரு தெரிஞ்சாதான் அவங்களுக்கு ஒட்டுதல் வரும்."

"நான் கையைக் காட்டுறேன். பேரை நீங்க சொல்லிடுங்க."

"எல்லாக் கூட்டத்தோடயும் நான் வந்துகிட்டிருக்க முடியுமா? இந்த ஒரு தடவை பார்ப்பேன். உன் வாயில பேரு வரலைன்னா, அடுத்த கோடைக்குப் பிஷ்கெக்குலேர்ந்து ஒரு பொண்ணை அனுப்பிடுவேன். நீ அடுப்படியைப் பாத்துக்கோ."

அவன் கெட்டவன் இல்லை. நகரத்தில் வளர்ந்தவன், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் புருல்சாவுக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. நேரே மாமியார் கூலாயிமிடம் போய்ச் சொன்னாள். கிழவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அடுப்படிக்கா? உன்னையா? அந்த ஆளுக்கு எங்க வயித்து மேல என்னடி கோபம்?"

"அத்தை, ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லிட்டா என்ன ஆகும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே!"

புருல்சா யோசித்தாள். பெயர் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று பயப்படுகிற ஆள் இல்லை அவள். ஆனால் அவள் வழிகாட்டியாகப் போகிறேன் என்று சொன்ன நாளில், சீட்டியடிக்கிறவரும் பூட்ஸைக் கழற்றாதவரும் சேர்ந்துகொண்டு மருமகளாவது அந்நியரோடு அலைவதாவது என்று குதித்தார்கள். அப்போது மாமனார் ஜோல்ச்சுபெக் மட்டும்தான், "அவ பேச்சை என் ஆடுங்களே தாங்குது, வெளிநாட்டுக்காரன் தாங்க மாட்டானா? போகட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்தார். அவர் கொடுத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குக் கொடுத்துவந்த மரியாதையை எடுத்துவிடுவதா? முடியாது என்றால் முடியாது. வேலையையும் விடமாட்டேன், பெயரையும் சொல்லமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டாள். எப்படி என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை.

விருந்தாளிகளில் மார்க்ரீத் என்று ஒரு டச்சுக்கார அம்மாள். நாயைக் கண்டாலும் பெயர் கேட்பாள், குதிரையைக் கண்டாலும் பெயர் கேட்பாள். பெரியவரைப் பார்த்தால் விடுவாளா? கூலாயிமிடம் போய்ச் சைகையால் கேட்டாள். கூலாயிம் வெட்கப்பட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, மூத்த மருமகளைக் காட்டினாள். மூத்த மருமகள் அடுத்த கூடாரத்துச் சித்தியைக் காட்டினாள். சித்தி சிரித்துக்கொண்டே புருல்சாவைக் காட்டினாள். புருல்சா வானத்தைக் காட்டி, "மழை வருது, எல்லாரும் உள்ளே வாங்க" என்றாள். நல்ல வேளையாக மழையும் வந்தது.

மழை சும்மா விடவில்லை. மத்தியானம் முழுவதும் கம்பளிக் கூடாரத்துக்குள் எல்லாரும் வட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்தது. தேநீர்க் கிண்ணம் சுற்றிச் சுற்றி வந்தது. எர்மெக் பெரியவரிடம், "ஐயா, உங்க ஏழு தலைமுறைப் பேரையும் சொல்லுங்களேன், இவங்க கேக்கட்டும்" என்றான். சொல்லிவிட்டுப் புருல்சாவை ஒரு பார்வை பார்த்தான். இப்போது எங்கே தப்புவாய் என்கிற பார்வை.

ஜோல்ச்சுபெக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? நிமிர்ந்து உட்கார்ந்தார், மீசையை ஒதுக்கினார். "நான் ஜோல்ச்சுபெக். என் அப்பா சாதிர்" என்று சொல்லி நிறுத்தி, ஆங்கிலத்தில் சொல்லட்டும் என்று மருமகளைப் பார்த்தார்.

எல்லாருடைய கண்ணும் அவள்மேல்.

புருல்சா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. வேறொன்று வந்தது. மாமியார் அவளுக்குச் சொன்னது, மாமியாருக்கு அவள் மாமியார் சொன்னது.

"இவரோட அப்பாவை நாங்க ஆடெண்ணித் தூங்குறவர்னு சொல்வோம்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "சாயங்காலம் பட்டி வாசல்ல நின்னு ஆட்டை எண்ணுவார். பாதி எண்ணும்போதே நின்னபடி தூங்கிடுவார். அவர் பெண்சாதி போய் எழுப்பி, மறுபடி முதல்லேர்ந்து எண்ண வைப்பாங்க."

விருந்தாளிகள் சிரித்தார்கள். பெரியவர் புருவத்தைத் தூக்கினார். "அவர் அப்பா எஸ்தெபெஸ்" என்றார்.

"அவர் சமோவார்க்காரர். ரஷ்ய ராஜா ஜாரோட பட்டாளத்துக்குப் பயந்து ஜனங்க மலை தாண்டிச் சீனாவுக்கு ஓடின வருஷம், எல்லாரும் ரொட்டியும் கம்பளியும் எடுத்தாங்க. இவர் வெந்நீர் கொதிக்க வைக்கிற பெரிய சமோவாரைத் தூக்கிக்கிட்டார். அவர் பெண்சாதி வழியெல்லாம் திட்டினாங்களாம். பனி மூடின கணவாய் மேல அந்தச் சமோவார் வெந்நீர்தான் குழந்தைங்க உசிரைக் காப்பாத்துச்சு. அதுக்கப்புறம் அந்தம்மா திட்டுறதை நிறுத்தினாங்களான்னா, இல்லை. வேற காரணத்துக்குத் திட்டினாங்க."

மார்க்ரீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பெரியவர் அடுத்த பெயரைச் சொன்னார். ஒற்றைக்காதர் வந்தார். அதற்கும் மேலே, மறுத்துவிட்ட வீட்டுக்கே மறுபடி மறுபடி போய்ப் பெண் கேட்டவர் வந்தார். அதற்கும் மேலே உள்ளவர்களும் ஆளுக்கொரு கூத்தோடு வந்து இறங்கினார்கள். கடைசியில் பெரியவர் பொறுமை இழந்து எர்மெக்கைப் பார்த்தார்.

"தம்பி, நான் ஒரு பேரு சொல்றேன். இவ ஒரு குளிர்காலம் பேசுறா. என்னதான் சொல்றா?"

எர்மெக் மாட்டிக்கொண்டான். அவன் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொன்றாய்க் கிர்கிஸில் திருப்பிச் சொன்னான். ஆடெண்ணித் தூங்குறவர் வந்ததுமே கூலாயிம் அடுப்பைக் கிளறத் திரும்பிக்கொண்டாள். மூத்த மருமகள் முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். பெண்கள் கூட்டத்துச் சரக்கெல்லாம் இப்படி நடுக்கூடாரத்தில் கொட்டிவிட்டதே!

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் மெதுவாய்க் கேட்டார்:

"அப்ப எனக்கு?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு என்ன பட்டம் வெச்சிருக்கீங்க?"

புருல்சா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அடுப்பைப் பார்த்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே உப்புக் கேக்கிறவர்" என்றாள் புருல்சா, தலையைக் குனிந்துகொண்டு.

எர்மெக் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை, புர்ரென்று சிரித்துவிட்டான். ஜோல்ச்சுபெக் சிரிக்கவில்லை. எழுந்தார். வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்தார். மழையில் இறங்கிப் போய்விட்டார்.

எர்மெக்கின் சிரிப்பு செத்துவிட்டது. "போச்சு. வீட்டுக்காரரே எழுந்து போயிட்டார். நான் பேரைத்தானே சொல்லச் சொன்னேன்? நீ குடும்ப மானத்தையே சொல்லிட்டியே தங்கச்சி!"

"அவர் நனையட்டும். கொஞ்சம் சூடு இறங்கும்" என்றாள் கூலாயிம். ஆனால் அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது.

புருல்சா பின்னாலேயே ஓடினாள். பெரியவர் குதிரைகளுக்கு நடுவில், முதுகைக் காட்டி நின்றிருந்தார். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாமா, என்னைத் திட்டுங்க. இவங்க முன்னால சொல்லியிருக்கக் கூடாது. ஆனா பேரைச் சொல்லவும் எனக்கு மனசு வரல."

"உப்புக் கேக்கிறவர்" என்றார் பெரியவர், குதிரையிடம் சொல்வதுபோல. பிறகு திரும்பினார். "என் தாத்தா சமோவாரைத் தூக்கிட்டு மலை ஏறினாரா?"

"ஆமாம் மாமா."

"எனக்கு ஏன் யாருமே சொல்லல? சின்னப் புள்ளைல முழங்கால்ல உக்கார வெச்சுப் பேரை மட்டும்தான் மனப்பாடம் பண்ண வெச்சாங்க. சாதிர், எஸ்தெபெஸ்னு. ஒரு பேரு தப்பினா காதைத் திருகினாங்க. ஆளு எப்படின்னு ஒருத்தரும் சொல்லலையே."

புருல்சாவுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவாளா?

"உள்ளே வந்தீங்கன்னா முழுசாச் சொல்றேன். இந்த மழைல நின்னுகிட்டு நான் கதை சொல்ல மாட்டேன்."

"உனக்கு யாரு இவ்வளவு வாய் குடுத்தது?"

"நீங்கதான் மாமா."

பெரியவர் உள்ளே வந்து, சொட்டச் சொட்ட அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். கூலாயிம் காய்ந்த கம்பளியை அவர் தோளில் போட்டாள். அப்புறம் யாரும் கேட்காமலே அவளே ஆரம்பித்தாள், சமோவார் எந்தக் கழுதைமேல் போனது என்பதிலிருந்து. ஒற்றைக்காதர் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

"பனில உறைஞ்சு காது விழுந்துது" என்றாள் கூலாயிம்.

"பனியாவது! ஒட்டகம் கடிச்சுது. இது ஒண்ணாவது எனக்குத் தெரியும்" என்றார் பெரியவர்.

"ஒட்டகம் காதை எதுக்குக் கடிக்கும்? காதுல புல்லா முளைச்சிருக்கு?"

"உங்க பக்கத்து ஒட்டகம் கடிக்காது. எங்க பக்கத்து ஒட்டகம் கடிக்கும்."

"உங்க பக்கம் மனுஷங்களே அப்படித்தானே!"

"அவங்க என்ன சண்டை போடறாங்க?" என்று விருந்தாளிகள் புருல்சாவைப் பிடுங்கினார்கள். அவள் இந்தப் பக்கம் பனியையும் அந்தப் பக்கம் ஒட்டகத்தையும் மாற்றி மாற்றி ஆங்கிலத்தில் போட்டாள். ஒரு கட்டத்தில் மார்க்ரீத் பனிக்கட்சி, அவள் கூட வந்தவர் ஒட்டகக்கட்சி. கறி வெந்து குழைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் எர்மெக் தன் போன்களை எடுக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை வானம் வெளுத்தது. மேட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். எர்மெக் அதன்மேல் நின்றுகொண்டு பிஷ்கெக்கிலிருக்கும் முதலாளியிடம் கத்தினான். கீழே குதிரைப்பால் கறந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பொண்ணு யாரையும் அனுப்ப வேணாம் சார்! ஆமா, இவங்களே இருக்கட்டும்! வந்தவங்க இன்னும் ரெண்டு நாள் தங்கணும்னு அடம்பிடிக்கிறாங்க!"

கூலாயிம் மருமகளை முழங்கையால் இடித்தாள். "கேட்டியா? என் வயிறு தப்பிச்சுது."

மேலே எர்மெக் கொஞ்சம் தயங்கினான். "என்னது? வீட்டுக்காரர் பேரா? எதுக்கு சார்? ஓ, விளம்பரத்துல போடவா?" கீழே பார்த்தான். பெண்கள் எல்லாரும் கறப்பதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் புருல்சா.

எர்மெக் தொண்டையைக் கனைத்தான். ஒரு தடவை வாயைத் திறந்தான், மூடினான்.

"அது வந்து சார்... நான் ஊருக்கு வந்து எழுதித் தர்றேன்!"