கோல் போஸ்ட்டும் கடப்பாரையும்

கல்லூரி மைதானத்தில் மார்க்கர் வேலை பார்ப்பவனுக்கு ஆட்டத்தைப் பார்க்கும் கொடுப்பினை கிடையாது. ஆட்டம் நடக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை. சுண்ணாம்புப் பொடியில் கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும், பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், சட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். நாலு பேர் எதிரே நின்று பேச இன்றைக்கும் வராது. எண்ணிக்கை மட்டும் தப்பாது. கோட்டுக்கு வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே ஓடுகிறவர்களுக்காகத் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இது அவர்களுக்காக எழுதியது.

பிரின்சிபால் கேட்ட கேள்வி

எங்கள் பிரிவில் ஐந்து கல்லூரிகள். ஒவ்வொரு அணிக்கும் நாலு ஆட்டம். மூன்று வருஷமாக நாங்கள்தான் கடைசி. இந்த வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் பிரின்சிபால் மைதானத்துக்கே வந்துவிட்டார். பி.டி. சார் ஒரு பக்கம், கேப்டன் வெற்றி ஒரு பக்கம், பின்னால் நான். "இந்த வருஷமும் கடைசின்னா புட்பால் போதும் சார். போஸ்ட்டப் புடுங்கிட்டு வாலிபால் கோர்ட் போட்டுடலாம்" என்றார்.

பி.டி. சார் தரையைப் பார்த்தார். வெற்றி என்னைப் பார்த்தான். அந்த நாலு கம்பங்களையும் நட்ட அன்றைக்குக் குழி தோண்டியவன் நான். பிடுங்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார்: "கடப்பாரை இருக்குதுல்ல?"

பெனால்டி ஏரியாவில் ஒரு பஸ்

கார்த்திகை தீபத்துக்கு எங்கள் மைதானத்தைப் பஸ் நிறுத்தக் கொடுத்துவிடுவார்கள். கூட்டம் போன பிறகு எண்ணெய்க் கறையும் சக்கரப் பள்ளமும் எங்களுக்கு மிஞ்சும். இந்த வருஷம் ஒரு பஸ்ஸே மிஞ்சியது. பேட்டரி இறங்கி, வடக்குப் பக்கத்து கோலுக்கு நேரே நின்றுவிட்டது. முதல் ஆட்டம் எட்டு மணிக்கு. ஆறரைக்கு நான் போனபோது டிரைவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பக் கூச்சமாக இருந்தது. ஜன்னலில் லேசாகத் தட்டினேன். "மெக்கானிக் வருவாம்பா" என்று திரும்பிப் படுத்தார்.

மெக்கானிக் வரவில்லை. ஏழரைக்கு எங்கள் பையன்கள் பதினோரு பேரும் சேர்ந்து பஸ்ஸைத் தள்ளினார்கள். சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறுவதற்குள் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. எதிர் அணி அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டது. அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ரெண்டு கோல், ரெண்டும் வடக்குப் பக்கத்தில். படிக்கட்டில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்த டிரைவர் என்னிடம் வந்து ஆறுதலாகச் சொன்னார்: "வண்டி நின்ன வரைக்கும் ஒண்ணாவது உள்ள போச்சா? எடுக்கச் சொன்னது நீங்கதானே பெரியவரே."

இளநீர் வெட்டிய மதியம்

இரண்டாவது ஆட்டத்தைப் பௌர்ணமியில் வைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் போட்ட அட்டவணை. அவர்களுக்கு அது ஒரு சனிக்கிழமை, அவ்வளவுதான். எங்கள் பையன்களில் பாதிப் பேர் வீட்டுக்கு, மலை சுற்ற வரும் கூட்டத்தால் மாசத்தில் பிழைப்பு நடக்கும் நாள் அது. இரண்டு பேர் ஷேர் ஆட்டோ ஓட்டுவார்கள். வெற்றிக்கு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் அம்மாவோடு இளநீர்க் கடை. மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டு மணிக்குத் தலையை எண்ணினேன்: ஆறு. ஏழு பேர் இல்லாமல் நடுவர் விசில் ஊத மாட்டார். ஆட்டோ பையன்களைப் போனில் பிடித்து வரவழைத்தோம். கேப்டன் போனை எடுக்கவில்லை. என் மொபெட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து போனேன்.

வெற்றியின் அம்மா என் பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "கூட்டினு போங்கண்ணா, நான் ஒண்ணும் சொல்லல. இந்தக் குலைய எல்லாம் யார் வெட்டுவா? நீங்க வெட்டுவீங்களா?" என்றார். கோபத்தில் கேட்டதுதான். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். வெற்றி என் மொபெட்டில் பறந்துவிட்டான்.

ஆட்டம் நடந்த ஒன்றரை மணி நேரமும் நான் அங்கே இளநீர் வெட்டினேன். இந்நேரம் பாதி ஆட்டம், இந்நேரம் கார்னர் என்று மனம் மைதானத்திலேயே இருந்தது. போன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கத்தி ஆழமாக இறங்கியது. ஒன்றுக்கு ஒன்று, டிரா என்று செய்தி வந்தது. எங்களுக்கு ஒரு பாயின்ட். அப்போது என் எதிரே பாதித் தண்ணீர் சிந்திய காயோடு நின்றிருந்த சென்னைக்காரர் கேட்டார்: "ஐயா, யார் மேல இருக்கிற கோவம் இது?"

நோன்பு நேரத்து கோல்

மூன்றாவது ஆட்டம் ரம்ஜான் மாசத்தில், வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில். எங்கள் கோல்கீப்பர் ரியாஸ் ஒரு நோன்பும் விடாதவன். நாலு மணிக்குத் தொடங்கினால் நோன்பு திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். நடுவர் வந்த பஸ் வழியில் நின்றுபோய், ஆட்டம் ஐந்துக்கு மேல்தான் ஆரம்பித்தது. ரியாஸின் அப்பா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழ டப்பாவோடு நான் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு காது பள்ளிவாசல் பக்கம், ஒரு கண் பந்தின் பக்கம்.

பாங்கு சொன்னபோது பந்து எதிர்க்கோடியில் இருந்தது. நல்ல நேரம் என்று வலைக்குள் கையை விட்டு மூன்று பழங்களைக் கொடுத்தேன். பசியில் பையன் மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஒரு நீளமான உதை. பந்து எங்கள் தடுப்பாட்டக்காரனுக்கும் ரியாஸுக்கும் நடுவில் விழுந்தது. "எனக்கு, விடு!" என்று கீப்பர் கத்த வேண்டும். வாய் நிறையப் பழம், எப்படிக் கத்துவான்? இவன் எடுப்பான் என்று அவனும், அவன் எடுப்பான் என்று இவனும் நிற்க, பந்து உருண்டு உள்ளே போனது. அந்த ஒரு கோலில் தோற்றோம். பஸ்ஸில் திரும்பும்போது என் முகத்தைப் பார்த்து ரியாஸே சமாதானம் சொன்னான்: "வருத்தப்படாதீங்கண்ணா. அடுத்த வாட்டி மொதல்ல தண்ணி குடுங்க, முழுங்கிட்டுக் கத்திடறேன்."

முன்கூட்டிய வேண்டுதல்

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எங்களுக்கு ஒரு பாயின்ட். வருகிறவர்கள் மூன்றிலும் தோற்றவர்கள், பாயின்ட்டே இல்லை. டிரா ஆனால் போதும், நாங்கள் கடைசி இல்லை. தோற்றால் கடப்பாரை. "சீக்கிரம் படுத்துத் தூங்குங்கடா" என்று முந்தைய நாள் பி.டி. சார் பத்துத் தடவை சொல்லி அனுப்பினார்.

காலையில் பையன்கள் வந்த நடையைப் பார்த்ததும் பைக்குள் பிளாஸ்திரியைத் தேடினேன். பத்துப் பேர் நொண்டுகிறார்கள், ஒருவன் மட்டும் நேராக நடக்கிறான். முந்தைய நாள் எல்லோருமாகச் சேர்ந்து கிரிவலம் போயிருக்கிறார்கள். ஊர்க்காரன் எவனும் சாயங்காலத்துக்கு மேல்தான் கிளம்புவான். இவர்கள் சீக்கிரம் தூங்க வேண்டும் என்பதற்காக உச்சி வெயிலில், வெறுங்காலில், தார் ரோட்டில் பதினாலு கிலோமீட்டர். பாதங்களில் நெல்லிக்காய் அளவு கொப்புளம். நேராக நடந்தவன் ரியாஸ். துணைக்குப் போனவன், ஷூ போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

"எவன்டா இப்ப வேண்டிக்கச் சொன்னது? ஜெயிச்சப்புறம் சுத்தக் கூடாதா?" என்று பி.டி. சார் கத்தினார். வெற்றி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஜெயிச்சா சுத்தறேன்னுதான் சார் மொதல்ல வேண்டிக்கிட்டேன். அப்புறம் நம்ம டீம நெனச்சுப் பாத்தேன், சாமிக்கு பாக்கி வெக்கக் கூடாதுன்னு முன்னாடியே முடிச்சுட்டோம்."

பக்கத்து பெஞ்சுக்காரர்

எதிர் அணியோடு அவர்களுடைய மார்க்கரும் வந்திருந்தார். என் வயசுதான், என்னைப் போலவே ஒரு காக்கிப் பை. எங்கள் பையன்களின் பாதங்களைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்து நீட்டினார். என்னிடம் இருந்தது நாலு பேருக்குத்தான் வரும். மீதி ஆறு பேருக்கு அவருடையது.

எங்கள் பையன்களால் ஓட முடியவில்லை. ஓட முடியாததால் எங்கேயும் போகவும் இல்லை. பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் வேலி மாதிரி நின்றுவிட்டார்கள். வந்த பந்தெல்லாம் யார் காலிலோ முதுகிலோ பட்டுத் திரும்பியது. தப்பி வந்ததை ரியாஸ் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். முந்தைய மூன்று ஆட்டங்களிலும் இவ்வளவு ஒழுங்காக இவர்கள் நின்றதில்லை. கடைசி ஐந்து நிமிஷம் நான் கண்ணை மூடிக்கொண்டு என் பையிலிருந்த பந்துகளைத் தடவித் தடவி எண்ணினேன். மூன்று. மறுபடியும் மூன்று. விசில் கேட்டது. கண்ணைத் திறந்தபோது எங்கள் பையன்கள் நொண்டிக்கொண்டே குதித்துக்கொண்டிருந்தார்கள். கோல் இல்லை, டிரா.

சந்தோஷத்தில் எனக்கே வாய் வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம் பிரின்சிபால் சொன்னது, வாலிபால், கடப்பாரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மிச்சமிருந்த பிளாஸ்திரியைச் சுருட்டிப் பையில் வைத்தார். தங்கள் பந்துகளை ஒருமுறை எண்ணினார். பிறகு எழுந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "எங்க பிரின்சிபாலும் இதையேதாங்க சொல்லி அனுப்பினாரு, கடப்பாரைகூட வாங்கி வெச்சுட்டாரு."

எங்கள் கோல் போஸ்ட் நாலும் இந்த வருஷம் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, ஆனால் அந்த பிளாஸ்திரியை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்பது மட்டும் என் கணக்கில் இன்னும் நேராகவில்லை.