ஆண்டவருக்கு வைத்த கெடு

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. மைக்ரோவேவ் முன்னால் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று அதட்டுகிற ரகம். அப்படிப்பட்டவளிடம் கல்யாண விஷயத்தில் மட்டும் சபையில் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "ஆண்டவருக்குக் காத்திருங்க, சிஸ்டர்." பாடியவர்கள் எல்லாரும் காலாகாலத்தில் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிட்டவர்கள் என்பது வேறு கதை.

முப்பதைத் தாண்டிய பிறகு ஒரு வரன் வந்தது. சொந்த ஊர் பத்து பாகாட், தங்கியிருப்பது எங்கள் ஊரில், தினமும் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். இனி அவர் ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு பேசி, நான் 'சரி' என்றால் போதும். அந்தச் 'சரி'தான் எனக்கு வாயில் வரவில்லை. ஏற்கனவே ஒரு நிச்சயதார்த்தம் முறிந்து, சபையில் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தவள் நான். இன்னொரு முறை அப்படி ஆனால் தாங்க மாட்டேன். பயம், வேறொன்றுமில்லை.

ஆகவே ஆண்டவரிடம் அடையாளம் கேட்டேன். "இது உம்முடைய சித்தமானால், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அவர் எங்கள் வாசலில் நிற்கட்டும்." ஜெபம் முடித்து எழுந்தபோது பெரிய விசுவாச வீராங்கனை மாதிரி இருந்தது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் கேட்கிற அடையாளமா அது? வெள்ளிக்கிழமை, அதுவும் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்குகிற நாள். பாலத்தில் எறும்புகூட நகராது. செங்கடலைப் பிளந்தவருக்கு ஜொகூர் பாலம் எம்மாத்திரம் என்று நினைத்தேனோ என்னவோ!

நான்கு மணி ஆயிற்று. அம்மா சுட்ட வடை ஆறிப்போயிற்று. பாலத்தில் ஜாம், பஸ் நகரவே இல்லை என்று அவர் என் அம்மாவுக்குப் போன் செய்தார். நான் நேராக அறைக்குள் போய், கட்டியிருந்த நல்ல சேலையை அவிழ்த்துவிட்டுப் பழைய டிஷர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தேன்.

"என்னடி கோலம் இது?"

"ஆண்டவர் வேணாம்னு சொல்லிட்டாரும்மா." நான்கு மணி விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அலமாக்! பல் கிளினிக்ல வேலை செஞ்சு செஞ்சு ஆண்டவருக்கே அப்பாயிண்ட்மெண்ட் கொடுத்தியா? பேசாம உட்காருடி."

உட்கார்ந்தேன். கோபத்தில் அவருக்கென்று வைத்த வடையில் பாதியைத் தின்றேன்.

பக்கத்து சுராவில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம், கேட்டுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலம் முழுக்க நடந்தே வந்திருக்கிறார். "சாரிங்க, உட்கார்ந்திருந்தா நாளைக்குத்தான் வந்திருப்பேன்" என்று சிரித்தார். மீதி வடையை நீட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாவற்றையும் அவரிடமே சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் பெயிலா?"

"தெரியலங்க. கொஞ்ச நாள் டைம் கொடுங்க. இனிமே அடையாளம் எதுவும் கேக்கப் போறதில்ல. சும்மா காத்திருக்கப் போறேன்."

"ஓகே லா. தினமும் இமிகிரேஷன்ல நிக்கிறவனுக்குக் காத்திருக்கச் சொல்லித் தரணுமா?"

அதன் பிறகு காலையில் "நடத்தும் ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்று அம்மாவுக்குத் தெரியும். சத்தமும் கேட்கவில்லை, சொப்பனமும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அரிசி கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு போனில் பாலத்துப் போக்குவரத்துக் கேமராவைப் பார்த்தேன். பஸ் வரிசை நீண்டு கிடந்தது. ஐயோ, இன்றைக்கும் மாட்டிக்கொள்வாரே, மதியம் சாப்பிட்டாரோ என்னவோ என்று மனசு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் உறைத்தது. வீட்டுக்கு எதிரே இருக்கிற கிளினிக்கில் வேலை பார்ப்பவளுக்குப் பாலத்தில் என்ன வேலை? கொஞ்ச நாளாகவே நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. அரிசிப் பாத்திரத்தின் முன்னால் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

அவருக்குப் போன் செய்தேன். "பாலத்துல ஜாமா?"

"ஆமாங்க, செம ஜாம்."

"நேரா வீட்டுக்கு வாங்க. அம்மாவ வடை சுடச் சொல்றேன்."

மெதுவாகக் கேட்டார்: "எத்தன மணிக்குள்ள வரணும்?"

"எத்தன மணி ஆனாலும் சரி," என்றேன். "நான் காத்திருக்கேன்."