கோப்பை வழிக்கிற கை

எனக்குச் சுழற்பந்து போடத் தெரியும் என்று சொன்னால் ஆட்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. அதுவும் விரலால் உருட்டிவிடுகிற சுழல் இல்லை, மணிக்கட்டைத் திருப்பிப் போடுகிற சுழல். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஜப்பான்காரன் காலத்தில், அரை வயிற்றோடு கற்றுக்கொண்டது. சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஆள்தான். வெள்ளைக்காரன் இருந்தபோது தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற எங்கள் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிரிக்கெட் கூட்டம் நடத்தினார். ஒரு நாள் ஆள் குறைந்துபோய், பாடாங்கில், அந்த விளையாட்டுத் திடலில், புல் வெட்டிக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டு நிறுத்தினாராம். அதற்குப் பிறகு விடவே இல்லை. கல்யாணமான புதிதில் நானும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். இவர் போடும் பந்து ஒரு பக்கம் குத்தி இன்னொரு பக்கம் போகும். மட்டையைப் பிடித்திருக்கும் கிராணிமார் திருதிருவென்று விழிப்பார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரப்பர் வாங்க ஆளில்லை. மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள், இவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இனி இந்த ஆள் ஒரு வேலைக்கும் ஆகாது என்று அவர்களே தள்ளிவிட்ட பிறகுதான் திரும்பி வந்தார். காலெல்லாம் புண். வலது கையில் என்ன விழுந்ததோ, விரல்கள் பாதிக்கு மேல் மடங்காது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் வாயே திறக்கவில்லை. கஞ்சி வைத்தால் குடிப்பார். பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் சட்டென்று எழுந்து, கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நிற்பார். கட்டிய பெண்டாட்டி முன்னாலேயே அப்படி நின்றால் எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அடுத்த வீட்டில் என் நாத்தனார் இருந்தார். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்த அக்காள். அவருக்கு ஒரே முடிவு: சயாம் காட்டில் செத்த எவனோ தம்பி மேல் ஏறி வந்துவிட்டான். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். எங்கள் தோட்டங்களில் பேய் பிடித்தவரை மாரியம்மன் கோயில் முன்னால் உட்காரவைப்பார்கள். உள்ளே இருப்பது வாய் திறந்து தன் பெயரைச் சொல்லும்வரை பூசாரி பிரம்பால் அடிப்பார். அடி பேய்க்குத்தான், ஆளுக்கு வலிக்காது என்பார்கள். நன்றாக வலிக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

"அண்ணி, சயாம்ல வாங்குன அடி பத்தாதா? நாமளும் அடிக்கணுமா?" என்று சண்டைக்குப் போனேன்.

"என் தம்பி முதுகுல அடி விழுந்தா எனக்கு வலிக்காதா? வேற வழி இருந்தா சொல்லுலா, கேட்டுக்கிறேன்" என்று அழுதார்.

"அதுக்குள்ள அவரே பேசிட்டார்னா?"

"பேசிட்டா பூசாரி எதுக்கு? ஆடி வெள்ளி வரைக்கும் பாரு."

ஆடி வெள்ளிக்கு அதிக நாள் இல்லை. என்னென்னவோ செய்துபார்த்தேன். பாடினேன், திட்டினேன், சண்டை இழுத்தேன். சுவரோடு பேசினால்கூட எதிரொலி வரும். கடைசியில்தான் பந்து நினைவுக்கு வந்தது. ரப்பர் தோட்டத்து ஆளுக்கு எதைச் செய்யச் சொன்னாலும் கை ரப்பருக்குத்தான் போகும். மரத்தில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துச் சுற்றிச் சுற்றி ஓர் உருண்டை பண்ணினேன். வாசலில் ஓங்கிப் போட்டேன். அது தவளையாட்டம் எகிறிக் கூரை மேலே போய் விழுந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவரின் தலை, பந்து போன பக்கம் திரும்பியது. வந்ததிலிருந்து அவராக எதையும் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

அது போதும் எனக்கு. அடுத்த பந்தைத் தேங்காய் நாரில் செய்தேன். கோணி நூலால் இறுக்கிச் சுற்றி, கந்தல் துணி போர்த்தி, நடுவில் தடிப்பாகத் தையல் போட்டேன். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் வெட்டாமல் விட்ட ஒரு ரப்பர் மரம் நின்றது, அதுதான் ஸ்டம்ப். வேலை முடிந்த சாயங்காலங்களில் அவரைக் கூட்டிப்போய் ஒரு கட்டையில் உட்காரவைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போட்டேன். எத்தனை போட்டாலும் நேராகவே போனது.

"நான் போடுறது சரியாங்க? சிரிக்கவாச்சும் செய்யுங்களேன்" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போட்டேன். அவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் எனக்கே வெறுத்துப்போய் ஏனோதானோவென்று ஒன்றைப் போட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது கத்தி புடிக்கிற கை. மணிக்கட்ட இறுக்காத."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அழுது முடிச்சிட்டா போடு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பால் வெட்டுகிறவளின் மணிக்கட்டு அசையக் கூடாது. அசைந்தால் கத்தி உள்ளே இறங்கி மரத்தில் காயம் விழும், மேல்பார்க்கிற மண்டோர் வாய்க்கு வந்தபடி ஏசுவான். சின்ன வயதிலிருந்து இறுக்கிப் பழகிய கை, பந்தை எடுத்தாலும் இறுகித்தான் நின்றது. தளர்த்து, தளர்த்து என்று அவரும் சொல்லிப்பார்த்தார். தளர்த்தினால் பந்து காலடியில் விழுந்தது. நல்ல ஆசானும் நல்ல சிஷ்யையும்!

மடங்காத விரல்களால் பந்தைப் பிடிக்க முடியாமல் அவர் கொஞ்ச நேரம் திணறினார். பிறகு பந்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டினார். "பால வாளியில ஊத்துனப்புறம் கோப்பைக்குள்ள விரல விட்டுச் சுத்தி வழிப்பேல்ல? அந்தக் கை. மோதிர விரல் தையல்ல இருக்கட்டும். பந்து கைய விட்டுப் போகும்போது வழி."

அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை ஆயிரம் கோப்பை வழித்த கை இது! மரத்துக்கு வலப்பக்கம் குத்திய பந்து, இடப்பக்கம் திரும்பிப் போய் அடிமரத்தில் பட்டது. "ஐயோ!" என்று நான் குதித்தேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்புதான்.

ஆனால் பேச்சு பந்தைத் தாண்டி வரவில்லை. சயாமைக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும், பசிக்கிறதா என்று கேட்டாலும் மூடிக்கொள்ளும். லயத்துக்குள் கால் வைத்தால் பழைய ஊமைதான். நாத்தனாரைக் கூட்டிவந்து காட்டலாமென்று பார்த்தேன். வேறு ஆளின் காலடி கேட்டதுமே அவர் எழுந்து, கையை ஒட்டிக்கொண்டு நின்றார். "நீ ஆசைப்பட்டதக் காதால கேட்டுருக்க, பாவம்" என்று நாத்தனார் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பந்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து கெஞ்சினேன். "நாளைக்கு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை பேசிடுங்க. எதையாச்சும் பேசுங்க. இல்லன்னா அடிப்பாங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். உடுக்கை அடித்தார்கள், சாம்பிராணிப் புகை. அவரை மணை மேல் உட்காரவைத்தார்கள். பூசாரி பிரம்பை எடுத்து, "யாருடா நீ, பேரச் சொல்லு!" என்று அதட்டினார். நான் கத்திக்கொண்டு ஓடினேன், இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நாத்தனார் கைகூப்பி, கண்ணை இறுக மூடி நின்றார். யாரும் சொல்லாமலே என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி மடித்து, பக்கத்தில் வைத்தார். முதுகை வாகாக வளைத்துக் காட்டினார். வரி வரியாகத் தழும்பேறிய அந்த முதுகை அப்போதுதான் ஊர் முழுவதும் பார்த்தது. உடுக்கை நின்றது.

அவர் தலையைத் திருப்பி நாத்தனாரைத் தேடினார்.

"அக்கா," என்றார், தெளிவாக, எல்லார் காதிலும் விழும்படி. "எத்தன அடின்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுக்கா. கணக்கு தெரிஞ்சா தாங்கிக்குவேன்."

பிரம்பு பூசாரியின் கையிலிருந்து விழுந்தது. நாத்தனார் பாய்ந்துபோய் அந்த முதுகை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "ஒரு அடியும் இல்லடா தம்பி, ஒரு அடியும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவர் காதில் ஏற வெகுநேரம் ஆனது. அதுவரை முதுகை நிமிர்த்தவே இல்லை.