பதினோராம் பாத்தி ராகி

வறட்சியைத் தாங்குமா என்று பார்க்கக் காயப்போட்டிருந்த ராகிப் பாத்தியில், காலையில் போய்ப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர். பயிர் ஆராய்ச்சி என்றால் வெள்ளை கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று நினைக்காதீர்கள். பயிரைப் பட்டினி போட்டுவிட்டு, அது எப்போது சாகிறது என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்த எனக்கு, இங்கே ஒரு பண்ணையில் கிடைத்தது அந்த நோட்டுதான். வெயிலில் நோட்டுத் தூக்கியவர் யாராவது இதைப் படித்தால் நம்புவார்.

இரக்கம்

தண்ணீர் விட்டது காவலாளி மாதேவப்பா. கொள்ளேகால் பக்கத்துக்காரர், பாதி ஆயுசு விவசாயம் பார்த்தவர். இருபது நாளாக ஒரு சொட்டுக்கூடக் காட்டாத பதினோராம் பாத்திக்குப் பாவம் பார்த்து ஹோஸை இழுத்துப் போட்டுவிட்டார். அது எங்கள் தலைமை விஞ்ஞானி உருவாக்கிய புது ரகம், அவருடைய செல்லப் பாத்தி. ஆராய்ச்சி உதவியாளர் மஞ்சுநாத் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணி விடக் கூடாதுன்னு பலகையே வெச்சிருக்கேனே, படிக்கலையா?"

மாதேவப்பா அசரவில்லை. "படிச்சேன் சார். பயிர் வாடறதைப் பார்த்துட்டுச் சும்மா உக்கார, நானென்ன டாக்டர் பட்டமா வாங்கியிருக்கேன்?"

ஓர வரிசை

விவசாயிகளுக்குப் பயிரைக் காட்டும் வயல் விழாவுக்குப் பந்தல், மைக், பூங்கொத்து எல்லாம் வந்தன. வறட்சியைப் பற்றிப் பேசினவர்கள் நிழலில், கேட்க வந்த விவசாயிகள் வெயிலில். கௌதள்ளியிலிருந்து வந்த ஒரு அக்கா பேச்சைக் கேட்கவே இல்லை. பாத்தி பாத்தியாக நடந்து, கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒன்றைக் காட்டி இந்த விதைதான் வேண்டும் என்றார்.

அது ஆராய்ச்சிப் பயிரே இல்லை. பாத்திகளைச் சுற்றிக் காவலுக்குப் போடுகிற சாதாரண நாட்டு ராகி. "அது கணக்குல வராதும்மா. ஓரத்துல காத்தும் வெளிச்சமும் தாராளம், அதான் அப்படி நிக்குது," என்றார் மஞ்சுநாத் சார்.

"எங்க மானாவாரிக் காட்டைக்கூட யாரும் கணக்குல வெக்கலீங்க சார். இதையே குடுங்க."

ஒன்பது

பதினோராம் பாத்தி செத்தது. மாதேவப்பா விட்ட தண்ணீரையும் குடித்துவிட்டு, கதிர் பிடிக்காமலே செத்தது. எங்கள் நோட்டில் ஒன்று என்றால் நன்றாக நிற்கிறது, ஒன்பது என்றால் முடிந்தது. நான் ஒன்பது போட்டேன். தலைமை விஞ்ஞானியின் ரகம் தோற்கக் கூடாது என்று மஞ்சுநாத் சார் மூன்று போடச் சொன்னார்.

மூன்று போட்டால் அடுத்த பருவத்தில் அந்த ரக விதை, மழையை மட்டும் நம்பும் மானாவாரிக்காரர்களுக்குப் போகும். வாங்கப் பெயர் கொடுத்தவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். அவர் காட்டில் போர்வெல் கிடையாது. விதை ஏமாற்றினால் அந்த வருஷம் அவர் வீட்டில் களிக்கு மாவு இருக்காது. இதைச் சொன்னேன். சார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"அதுக்குத்தாண்டா பென்சில்ல எழுதுன்னு சொன்னேன். அழி."

இத்தனை மாத ஆராய்ச்சியில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது ஒன்றுதான்: பென்சில் ஒன்பதின் மேல் பேனாவை இழுத்துவிட்டால், அழிக்கச் சொன்னவர் எவ்வளவு கத்தினாலும் அது மூன்று ஆவதில்லை.