அடைப்பு இல்லாத குழாய்

மாம்பலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், குண்டு விழுமென்று பயந்து தோட்டத்தில் ஆழமாகப் பதுங்குகுழி வெட்டி, சிமெண்டும் பூசி வைத்திருந்தார். குண்டு விழாமலே யுத்தம் முடிந்துவிட்டது. பூசிய குழி வீணாகலாமா? சீமைக்குக் கப்பலேறவிருந்த துரை ஒருவரிடம் துணி துவைக்கும் மெஷின் வாங்கி அதற்குள் இறக்கினார். அழுக்குத் தண்ணீர் போக, குழியிலிருந்து தெருச் சாக்கடைக்கு ஒரு குழாயும் போட்டார்.

மெஷின் ஜோராகத் துவைத்தது. தண்ணீர்தான் போகவில்லை. சாக்கடை, குழிக்கு ஓர் ஆள் உயரம் மேலே இருந்தது. அவர் மனைவி ஒரு வாரம் வாளியால் மொண்டு கொட்டிப் பார்த்துவிட்டு, கிணற்றடிக் கல்லுக்கே திரும்பிவிட்டார்.

இவர் விடவில்லை. ஒல்லி உடம்பு, காதில் கடுக்கன். தினமும் காலையில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, நீண்ட மூங்கில் பிளாச்சால் அந்தக் குழாயைக் குத்துவார்.

"குழி பள்ளத்துல இருக்கே சார், மெஷினை மேலே ஏத்திடுங்களேன்" என்றேன்.

"மேடாவது பள்ளமாவது! குழாய்ல அடைப்பு, ஓய்!"

ஐப்பசி மழையில் சாக்கடை பொங்கி, அதே குழாய் வழியாக இறங்கி வந்து மெஷினை மூழ்கடித்தது. ஆறுதல் சொல்லக் குடையோடு ஓடினேன். குழிக்கரையில் நனைந்துகொண்டு நின்றவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிக் கொட்டறது பாத்தீரா, ஓய்? அடைப்பே இல்லை!"

மறுநாள் காலை எட்டிப் பார்த்தேன். மூங்கில் பிளாச்சும் கையுமாகக் குத்திக்கொண்டிருந்தார். அந்தக் குழாய்மேல் அவருக்கு இன்னும் என்ன சந்தேகம் பாக்கி இருந்ததோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.